நாலு விரல் உள்மடிப்பு

உதயகலா செருப்பைக் கழற்றி மதிலோரம் வைத்துவிட்டுத்தான் புல்லின் மேல் ஏறுவாள். ஏறியதும் குந்தியிருந்து உள்ளங்கையால் ஒருமுறை தடவுவாள். பிறகு எதிர்ப்பக்கமாக இன்னொருமுறை. ஒரு பக்கம் தடவும்போது கை வழுக்கிக்கொண்டு போகும். மறுபக்கம் தடவும்போது சீப்புப் பல்லைப் போலக் குத்தும். "உங்காலை பாக்குது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். புல் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அதன் பொருள்.

பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரருக்குப் பொறுக்காது. "பிள்ளை, உது பிளாஸ்ரிக் எல்லோ? செருப்போடையே நிக்கலாம்."

"நீங்கள் நில்லுங்கோ ஐயா. நான் தைச்ச உடுப்பை நான் மிதிக்கிறேல்லை."

வல்வெட்டித்துறையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் கடலைப் பார்த்த வீடுகள் பலவற்றின் பின்வளவில் இன்று இந்தப் பச்சைத் தரையைக் காணலாம். லண்டனிலும் கனடாவிலும் இளைப்பாறிவிட்டு ஊருக்கு வருகிறவர்கள், அங்கே பழகிய கொல்ஃப் விளையாட்டையும் பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். முழு விளையாட்டுக்கு ஒரு கிராமத்தளவு நிலம் வேண்டும். பின்வளவில் நடக்கக்கூடியது அதன் கடைசிக் கட்டம் மாத்திரம்தான். பந்தைப் பொல்லால் மெல்லத் தட்டி, தரையில் வெட்டிய ஒரு சின்னக் குழிக்குள் விழுத்த வேண்டும். அதற்கு உண்மைப் புல் வளர்ப்பதென்றால் உவர்த் தண்ணீரும் உப்புக் காற்றும் விடாது. ஆகவே பிளாஸ்ரிக் புல். கொழும்பிலிருந்து பாய்போலச் சுருட்டி லொறியில் வரும். அதை விரித்து, ஒட்டி, தரையோடு தரையாக்கிக் கொடுப்பது புத்தூர் உதயகலாவின் தொழில்.

முன்பு அவள் சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் தையற்கடை வைத்திருந்தாள். பள்ளிக்கூடச் சட்டை, சேலைச் சட்டை, யன்னல் சீலை எல்லாம் தைத்தாள். பொலிகண்டியில் ஒரு வீட்டுக்கு யன்னல் அளவெடுக்கப் போன இடத்தில்தான் இந்தப் புல் அவளைப் பிடித்துக்கொண்டது. அங்கே யாரோ விரித்துவிட்டுப் போன புல்லின் நடுவே வாய் பிளந்து கிடந்தது. "இதைச் சேர்த்துத் தைச்சு விடுவியோ பிள்ளை?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் பகிடிக்குத்தான் கேட்டார். உதயகலா கடற்கரையில் போய்த் தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நூல் வாங்கிக்கொண்டு வந்து, சாக்கு ஊசியால் உண்மையாகவே தைத்துவிட்டாள். தையல் வெளியே தெரியவில்லை. பந்து மாத்திரம் அந்த இடத்துக்கு வந்ததும் விக்கல் எடுத்தவரைப் போலத் துள்ளியது. தைக்கக் கூடாது, கீழே பட்டி வைத்து ஒட்ட வேண்டும் என்று பிறகு கைத்தொலைபேசியில் பார்த்துப் படித்தாள். ஒரு வருடத்துக்குள் கடையை விட்டுவிட்டாள்.

கடையை விட்டாளே தவிர, தையலை விடவில்லை. அளவு நாடா இன்னும் கழுத்தில்தான் கிடக்கிறது. குண்டூசி பிடித்த வாயில் இப்போது ஆணி பிடிக்கிறாள். ஆணியை எடுக்காமலே கதைப்பாள். தரையின் ஓரம் அவளுக்குக் கரை. மதில் பக்கம் நீண்டு போகும் துண்டு, கை. பந்து விழும் குழி, கழுத்து. ஒருநாள் பருத்தித்துறை பஸ்ஸில் நின்றபடி தொலைபேசியில், "ஓம் ஐயா, நீங்கள் வீட்டிலையே நில்லுங்கோ, நாளைக்குக் காலமை வந்து கழுத்தை வெட்டுறன்," என்றாள். அவளுக்கு உடனே இருக்க இடம் கிடைத்தது.

கணவன் குகதாசன் பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று வைத்திருக்கிறான். வெங்காயம் ஏற்றிய பெட்டியில் இப்போது புல் ஏற்றுகிறான். சுண்ணாம்புக் கல்லில் அலவாங்கு போட்டுக் குழி தோண்டுவதும், கல்லுத்தூள் பரப்பி இடித்து இறுக்குவதும் அவன் பாடு. "எனக்கு முதலாளி என்ரை மனிசிதான்," என்று யார் கேட்டாலும் சொல்லுவான். "சம்பளம் சோறு. கறி அவவின்ரை மனத்தைப் பொறுத்தது."

வேலை முடிந்த பிறகும் உதயகலாவுக்குத் தலையிடி முடிவதில்லை. புல்லுக்குள் மெல்லிய மணல் தூவித் தும்புத்தடியால் தேய்த்து இறக்கினால்தான் புல் நிமிர்ந்து நிற்கும். பந்து ஒழுங்காக ஓடும். அவள் அரை நாள் இருந்து இறக்கிய மணலை, வீட்டுக்கார அம்மா அடுத்த நாள் விடிய ஈர்க்குமாறு எடுத்துக் கூட்டி, குவித்து, அள்ளி வெளியே எறிந்துவிடுவார். முற்றம் கூட்டிப் பழகிய கைக்கு மணல் என்றால் குப்பை. "அம்மா, அது குப்பை இல்லை, அது புல்லின்ரை சாப்பாடு," என்று உதயகலா கெஞ்சாத வீடில்லை. "சாப்பிட்டது காணும் பிள்ளை, கால் முழுக்க மண்," என்று பதில் வரும். ஒரு வீட்டில் புல் மேல் மோர்மிளகாய் காய்ந்தது. இன்னொரு வீட்டில் ஆடு ஒன்று புகுந்து ஒரு வாய் கடித்தது. பிறகு தலையை நிமிர்த்தி அவளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது.

அவளிடம் ஒரு குறை உண்டு. தையற்காரருக்கு அது குணம். புல் விரிப்பவருக்குத்தான் குறை. துணியைக் கோட்டோடு கோடாக அவளால் வெட்ட முடியாது. எந்தச் சட்டை தைத்தாலும் உள்ளுக்குள் நாலு விரல் அகலம் மடித்து விட்டுத்தான் தைப்பாள். "சனம் பெருக்கும். பெருத்தால் பிரிச்சு விடலாம். வெட்டி எறிஞ்சதை ஆர் கொண்டு வந்து ஒட்டுறது?" கலியாணத்துக்குத் தைத்த சட்டையைப் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும் போட முடிந்த பெண்கள் சுன்னாகத்தில் இன்றைக்கும் அவளை வாழ்த்துவார்கள். புல்லிலும் அதே கைதான். ஓரங்களில் நாலு விரல் மிச்சம் விட்டுக் கீழே மடிப்பாள். ஓரக்கல்லுக்குக் கீழே போய்விடுவதால் யாருக்கும் தெரியாது. யாருக்கும் நட்டமும் இல்லை.

வல்வெட்டித்துறை ஆழ்வாப்பிள்ளை வீட்டில் அந்தக் கை நடுவிலும் வேலை செய்துவிட்டது.

ஆழ்வாப்பிள்ளை கப்பலில் எஞ்சினியராக இருந்து, லண்டனில் இருந்து, எழுபதுக்குக் கிட்ட ஊருக்கு வந்தவர். கதைக்கும்போது இன்னும் எஞ்சின் அறைக்குள் நிற்பவரைப் போலத்தான் கதைப்பார். தெரு முழுக்கக் கேட்கும். புல் விரிக்கும்போது, "பின்னடிக்கு உந்தப் புல்லை இன்னும் கொஞ்சம் அகட்டினாலும் அகட்டுவன்," என்று ஒரு சொல் விட்டார். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. இரண்டு பாய்கள் சேரும் நடுப்பொருத்தில் உதயகலா நாலு விரல் உள்ளுக்கு மடித்து விட்டாள். நாளைக்கு ஐயா அகட்டினால் பிரிக்கலாம்.

வேலை முடிந்து கொஞ்ச நாள் கழித்து, வழக்கம்போல, "அளவு சரியோ எண்டு பார்க்க" அவள் போனாள். தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொல்லி நிற்பவள் அவள். புல்லையும் அப்படியே போய்ப் பார்ப்பாள். செருப்பைக் கழற்றி, ஏறி, தடவினாள். பொருத்தில் கை நின்றது. ஆடி வெயிலில் உள்மடிப்பு நிமிர்ந்திருந்தது. குழிக்கு முன்னால், கண்ணுக்குத் தெரியாத, கைக்குத் தெரிகிற ஒரு வரம்பு. பையில் கத்தியைத் தேடினாள்.

"தொடாதை!" ஆழ்வாப்பிள்ளையின் குரலில் மதிலில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது. பிறகு, அவரால் முடிந்த அளவு மெதுவாக, "கத்தியை உள்ளுக்கு வை பிள்ளை. இஞ்சை பார்," என்றார்.

பந்தை வைத்தார். குழியைப் பார்க்காமல், நன்றாக வலப்பக்கம் விலத்தி, செவ்வரத்தைச் செடியைப் பார்த்துத் தட்டினார். பந்து செடிக்குப் போவதைப் போல ஓடி, வரம்பில் ஏறி, இடப்பக்கம் சறுக்கி, குழிக்குள் விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம்.

"ஐயா, உது பிழை."

"பிழையெண்டு எனக்குத் தெரியும். அது சிவரூபனுக்குத் தெரியாது."

சிவரூபன் அவருடைய மனைவி கமலாவதியின் தம்பி. கனடாவில் இருந்து சந்நிதித் திருவிழாவுக்கு வந்திருந்தான். கலியாண வீட்டில் தொடங்கி நாற்பது வருடமாய், கரம் பலகை என்றாலும் முன்னூற்றுநாலு சீட்டாட்டம் என்றாலும் அவனே வெல்லுவான். வென்றுவிட்டு, "அத்தான், உங்களுக்கு இண்டைக்கு நாள் சரியில்லை," என்று ஆறுதலும் சொல்லுவான். அந்த ஆறுதல்தான் ஆழ்வாப்பிள்ளையைக் கொன்றுகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மச்சான் வருகிறான். புல்லில் ஒரு போட்டி.

"ஒருக்கா, பிள்ளை. ஒரே ஒருக்கா. திங்கட்கிழமை வந்து நீ வெட்டு, கொத்து, என்ன வேணுமெண்டாலும் செய்."

சிவரூபனைப் பற்றி உதயகலாவுக்கும் தெரியும். அவன் பக்கத்து ஒழுங்கையில் வீடு கட்டுகிறான். அவனோடு கூட வந்த சினேகிதர் இரண்டு பேரும் கட்டுகிறார்கள். மூன்று வளவுக்கும் புல் வேண்டும். கொழும்பில் ஆட்களைப் பிடிப்பதா, உதயகலாவைப் பிடிப்பதா என்று இந்தப் புல்லைப் பார்த்துத்தான் அவன் சொல்லப் போகிறான். அந்த மூன்று வளவும் கிடைத்தால் தொழில் காலூன்றிவிடும். பிசகிப்போனால், கடற்கரை முழுக்கப் பேர் கெட்டு, திரும்பவும் சுன்னாகத்துக்குப் போய்ப் பள்ளிக்கூடச் சட்டைக்குத் தெறி தைக்க வேண்டியதுதான்.

"அவர் இதிலை ஏறினால் என்ரை பேர் என்னாகும் ஐயா?"

"அவன் கண்டுபிடிக்க மாட்டான். அவன் தன்னைத் தவிர ஒண்டையும் பார்க்கிறேல்லை."

வளவு அவருடையது, புல்லும் அவருடையது. "ஞாயிறு மட்டும்தான்," என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் கறிக்கு உப்புப் போட மறந்தாள். அடுத்த நாள் இரண்டு தரம் போட்டாள்.

"ஒரு மேட்டுக்கே உந்தப் பாடு?" என்றான் குகதாசன். "எங்கடை ரோட்டிலை இல்லாத மேடோ? அதைப் போட்டவன் நித்திரை கொள்ளாமலோ கிடக்கிறான்?"

"உங்களுக்கு விளங்காது. தோள்மூட்டுப் பிழைச்ச சட்டையோடை ஒருத்தி ஊருக்குள்ளை திரியிற மாதிரிக் கிடக்கு எனக்கு."

ஞாயிற்றுக்கிழமை அவளை யாரும் கூப்பிடவில்லை. "மணல் குறைஞ்சிருக்கும்," என்று தானே ஒரு சாட்டுச் சொல்லி, ஒரு பை மணலோடு லான்ட்மாஸ்டரில் ஏறிப் போனாள். போட்டி தொடங்கியிருந்தது. கமலாவதி கதிரை போட்டு இருந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். தம்பி பந்தைத் தட்டும்போது ஒருதரமும் புருஷன் தட்டும்போது ஒருதரமும் தலையை நிமிர்த்தினார். உதயகலா மணற் பையைக் கட்டிப் பிடித்தபடி மதிலோரம் நின்றாள்.

சிவரூபன் அழகாகத்தான் தட்டினான். காலை அகட்டி, மூச்சைப் பிடித்து, குழியை நேரே பார்த்து. பந்து நேரே போய், வரம்பில் ஏறி, இடப்பக்கம் திரும்பித் தன்பாட்டுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் அப்படியே. ஆழ்வாப்பிள்ளையோ ஒவ்வொரு முறையும் செவ்வரத்தைச் செடியைக் குறிவைத்தார். பந்து ஒவ்வொரு முறையும் குழிக்குள் விழுந்தது. கடைசிப் பந்தும் விழுந்ததும் பொல்லைத் தோளில் வைத்துக்கொண்டு, நாற்பது வருடமாகக் காத்து வைத்திருந்ததைச் சொன்னார்.

"மச்சான், உனக்கு இண்டைக்கு நாள் சரியில்லை."

சிவரூபன் பொருத்தடியில் வந்து நின்று சப்பாத்தால் அழுத்திப் பார்த்தான். "அத்தான், உதுக்குள்ளை ஏதோ கிடக்கு."

ஆழ்வாப்பிள்ளை பொல்லைத் தோளிலிருந்து இறக்கினார். பிறகு எஞ்சின் பிடித்துவிட்டது. "அது டிசைன்! வேணுமெண்டு வைக்கிறது. பந்து நேரை போறதெண்டால் சின்னப் பிள்ளையும் விளையாடும். லண்டனிலை எல்லாம் உப்பிடித்தான். பிள்ளையைக் கேள்!"

சிவரூபன் உதயகலாவைப் பார்த்தான். பார்வையில் மதிப்பு ஏறியிருந்தது. "நீதானோ போட்டனி? கெட்டிக்காரி. கொழும்பு ஆக்களுக்கும் உந்த நுணுக்கம் தெரியாது. எனக்கும் உதே மாதிரி ஒண்டு போடு. எனக்கு ரெண்டு மேடு வேணும்."

மூன்று வளவும் கைக்குள் வந்து விழுந்துவிட்டன. "ஓம்" என்ற ஒரு சொல்தான் பாக்கி. ஆழ்வாப்பிள்ளை அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, சொல்லு, சொல்லு என்று கண்ணைக் காட்டினார்.

உதயகலா மணற் பையைக் கீழே வைத்தாள்.

"உது டிசைன் இல்லை ஐயா. பிழை. என்ரை பிழை. பொருத்திலை நாலு விரல் உள்ளுக்கு மடிச்சு விட்டிட்டன். வெயிலுக்கு எழும்பிட்டுது."

"ஏன் மடிச்சு விட்டனி?"

"பிறகு பெருத்தால் பிரிக்கலாமெண்டு."

கமலாவதியின் கையிலிருந்த கிழங்கு சுளகில் விழுந்தது. "பெருக்கிறதுக்கு வளவென்ன பிள்ளைத்தாச்சியோ?" என்று கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

சிவரூபன் சிரிக்கவில்லை. மெதுவாக ஆழ்வாப்பிள்ளையின் பக்கம் திரும்பினான். "அத்தான். நீங்கள் ஏன் ஒவ்வொருக்காலும் அந்தச் செவ்வரத்தையைப் பார்த்து அடிச்சனீங்கள்?"

"வெயிலுக்கை நிண்டு கதையாதை. உள்ளுக்கு வா, மோர் குடிப்பம்."

"அத்தான்!"

"இஞ்சாருங்கோ," என்று கண்ணைத் துடைத்தபடி கமலாவதி சொன்னார், "ஒரு கிழமையா விடியக்காலமை எழும்பி எழும்பிப் போய்ச் செடிக்குத் தண்ணி ஊத்திறதெண்டு சொன்னியளே, உந்தத் தண்ணியோ ஊத்தினது?"

"நல்ல அத்தான் நீங்கள்," என்றான் சிவரூபன். "திரும்ப விளையாடவேணும். புல்லைச் சரிப்பண்ணிப்போட்டு. இண்டைக்கே." பிறகு உதயகலாவிடம் விரலை நீட்டினான். "பிள்ளை, உண்மையைச் சொன்னாய், சரி. ஆனால் உண்மை சொல்லுறவளை வைச்சுப் புல்லுப் போடேலாது. புல்லுப் போடத் தெரிஞ்சவளை வைச்சுத்தான் போடலாம். நீ திருத்து. முதல் அடி நான் அடிப்பன். பந்து நேரை போனால் நாளைக்கு வந்து மூண்டு வளவையும் அள. திரும்பினால் நான் கொழும்புக்கு ரெலிபோன் அடிப்பன்."

"காலைக் கொஞ்சம் எடுங்கோ ஐயா," என்றாள் உதயகலா. அவன் எடுப்பதற்குள் சப்பாத்தில் தட்டி, காலை அப்பால் நகர்த்திவிட்டாள். கடையில் அளவெடுக்கும்போது முழங்கையைத் தட்டி உயர்த்துவதும் இப்படித்தான்.

பொருத்தைப் பிரித்தாள். மடிப்பு சுருண்டு, நாக்கைப் போல வெளியே வந்தது. தையற் சோக்கால் விளிம்போடு கோடு போட்டாள். கோட்டின் இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, மிச்சமெல்லாம் அந்தப் பக்கம். கத்தியைக் கோட்டில் வைத்தாள். கத்தி போகவில்லை. அவள் வைத்த இடத்திலேயே நின்றது. மணிக்கட்டு ஒரு விரல் அகலம் வெளியே விலகியது. அவள் அதைத் திரும்பக் கோட்டுக்கு இழுத்தாள். அது திரும்பவும் விலகியது. "ஒரு விரல் விடட்டோ?" என்று வாய்க்குள் முணுமுணுத்தாள்.

"அரை விரலும் விடாதை," என்றார் கமலாவதி. அவர் சேலையைச் செருகிக்கொண்டு வந்து எதிரே குந்தி, மறுகரையை இறுக்கிப் பிடித்தார். "வெட்டு பிள்ளை. எங்கடை வளவு இனிப் பெருக்காது. எனக்கு அறுபத்தாறு வயது."

உதயகலா கண்ணை மூடவில்லை. ஆனால் மூச்சு விட்டதாகவும் தெரியவில்லை. கத்தி கோட்டோடு கோடாக அந்தக் கடைசித் தொங்கல் வரைக்கும் போனது.

கீழே கல்லுத்தூள் போட்டு இடித்து, பட்டி விரித்து, பசை பூசி, இரண்டு கரையையும் முட்ட வைத்தாள். பாரம் வைக்க ஒன்றும் இல்லாததால் குகதாசனும் ஆழ்வாப்பிள்ளையும் குசினிப்புறத்து அம்மியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பசை காயும்வரை எல்லாரும் சாப்பிட்டார்கள். ஆழ்வாப்பிள்ளை முதல் வெற்றி வெற்றிதான் என்றார். சிவரூபன் அது களவு என்றான். குகதாசன் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு மீன்குழம்பு வாங்கினான். உதயகலா வெளியே அம்மிக்குப் பக்கத்திலேயே இருந்தாள். சாப்பாடு அங்கேயே வந்தது, ஆறியும் போனது.

வெயில் தாழ்ந்ததும் அம்மியை எடுத்தார்கள். மணல் தூவித் தேய்த்தாள். சிவரூபன் பந்தை வைத்து, காலை அகட்டி, மூச்சைப் பிடித்தான். கமலாவதி கும்பிட்டபடி நின்றார், யாருக்காக என்று தெரியவில்லை. குகதாசன் லான்ட்மாஸ்டரில் சாய்ந்து நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டான். எல்லாருடைய பார்வையும் குழியில் இருந்தது. உதயகலா மாத்திரம் பொருத்தடியில் குந்தியிருந்து, பந்து போகும் வழிக்கு அருகே உள்ளங்கையைப் பதித்து வைத்திருந்தாள்.

பந்து வந்தது. அவள் சின்னவிரலை உரசாமல், ஏறாமல், விக்காமல், பொருத்தைக் கடந்து போனது. சற்றுப் பொறுத்துக் குழிக்குள் "டொக்" என்று ஒரு சத்தம் கேட்டது. சிவரூபன் பொல்லைத் தூக்கிக்கொண்டு கத்தினான். கமலாவதி கை தட்டினார். "காற்று! காற்று உன்ரை பக்கம்!" என்று ஆழ்வாப்பிள்ளை தெருவுக்கே கேட்கச் சொல்லிக்கொண்டு தன் பந்தைக் கொண்டுவந்து வைத்தார், பழக்க தோஷத்தில் செவ்வரத்தையைப் பார்த்துத் திரும்பி, திருத்திக்கொண்டு, குழியைப் பார்த்து நின்றார்.

"விலத்து பிள்ளை, அடிக்கப் போறன்."

உதயகலா விலத்தவில்லை. பொருத்தின் விளிம்பில் சோக்குத்தூள் ஒரு மயிர் அகலத்துக்கு இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. பெருவிரலை நாக்கில் தொட்டு, இந்தத் தொங்கலில் தொடங்கி, ஒரு பொட்டும் மிஞ்சாமல் அதை அழித்துக்கொண்டே போனாள்.